நரம்புச் சுருட்டலும் ஒளியிழைச் சிகிச்சையும்

உழைத்து உண்பவருக்கு உடலே முதல் மூலதனம்; சங்கத்தில் செலுத்தும் பங்குத் தொகை அதற்கு அடுத்தபடியானதே. தறியில் அமரும் நெசவாளிக்கும் சேற்றில் இறங்கும் விவசாயிக்கும் கையைப் போலவே காலும் இன்றியமையாதது. ஆயினும், கையில் சிறு காயம் பட்டால் உடனே மருந்து தேடும் நம்மவர், காலில் ஆண்டுக்கணக்காகப் புடைத்து நெளியும் நரம்பைக் கண்டு, "வயதானால் இப்படித்தான்" என்று கூறி வாளாவிருந்து விடுகின்றனர். கணுக்காலில் புண் தோன்றி, அது ஆறாமல் நாறத் தொடங்கிய பின்னரே ஆஸ்பத்திரியை நாடுகின்றனர். அதற்குள் கூலி இழப்பும் கடனும் வீட்டை வளைத்துக்கொள்கின்றன.

இன்று சிறு நகரங்களிலுங்கூட "லேஸர் முறையில் நரம்புச் சுருட்டலுக்குச் சிகிச்சை" என்னும் விளம்பரப் பலகைகள் காணப்படுகின்றன. அது எத்தகைய சிகிச்சை? யாருக்கு உரியது? அதில் பயன்படும் கண்ணாடி இழை எங்ஙனம் தோன்றியது? கடன் வாங்கியேனும் செய்துகொள்ளத்தக்கதா? இவற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். நாம் மருத்துவர் அல்லோம். கணக்கும் துணைவிதிகளும் பார்க்கும் கூட்டுறவு ஊழியரே. ஆயினும், சங்கங்களுக்கு வரும் கடன் மனுக்களில் "வைத்தியச் செலவு" என்னும் காரணத்தை அடிக்கடி காண்பதால், இதனை விசாரித்து அறிந்து எழுதுவது நம் கடமையெனக் கருதினோம்.

நரம்பு அன்று, சிரை

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தை நீக்குவோம். நாம் நரம்புச் சுருட்டல் என்று கூறும் நோய்க்கும் நரம்புக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. உணர்ச்சியைக் கொண்டு செல்வது நரம்பு. காலில் நீல நிறமாகப் புடைத்துத் தோன்றுவதோ இரத்தக் குழாய். இருதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டு செல்லும் குழாய்க்குத் தமனி என்றும், உடலெங்கும் சென்ற இரத்தத்தை மீண்டும் இருதயத்திற்குக் கொணரும் குழாய்க்குச் சிரை என்றும் பெயர். சுருண்டு புடைப்பது இந்தச் சிரையே.

பாதத்திற்குச் சென்ற இரத்தம் இருதயத்தை அடைய மேல்நோக்கி ஏற வேண்டும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு நீர் ஏற்றுவது எத்துணைக் கடினமென்பது பம்பு செட் வைத்துள்ள விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. காலில் பம்பின் வேலையைச் செய்வது கெண்டைக்கால் தசை. நடக்குந்தோறும் அத்தசை சுருங்கிச் சிரையை அழுத்தி, இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய இரத்தம் கீழே வடிந்துவிடாதபடி சிரைக்குள் இடையிடையே சிறு கவாடங்கள் உள்ளன. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் பொருத்தும் புட்வால்வைப் போன்றவை அவை. மேலே செல்ல வழிவிடும், கீழே இறங்க விடா. இத்தாலி நாட்டுப் பாதுவா நகரின் ஆசிரியர் ஃபாப்ரீசியஸ் 1603ஆம் ஆண்டில் இக்கவாடங்களை விவரித்து நூல் வெளியிட்டார். அவருடைய மாணாக்கரான வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கிலேயர், இரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்னும் பேருண்மையை 1628இல் நிலைநாட்டியபோது, அக்கவாடங்கள் ஒருவழிப் பாதையாக அமைந்திருப்பதையும் ஒரு சான்றாகக் காட்டினார்.

புட்வால்வு தேய்ந்துவிட்டால் ஏறிய நீர் கிணற்றுக்கே திரும்பிவிடுகிறது அல்லவா? அதுபோலவே கவாடம் பழுதுற்றால் இரத்தம் கீழ்நோக்கி வடிந்து தேங்குகிறது. தேங்கிய இரத்தத்தின் அழுத்தத்தால் சிரை விரிந்து, நீண்டு, வளைந்து நெளிகிறது. விரிந்த சிரையில் அடுத்த கவாடமும் சரியாக மூடுவதில்லை. இங்ஙனம் ஒரு கவாடத்தின் கேடு அடுத்ததற்கும் பரவுகிறது.

பெற்றோரிடமிருந்து வரும் உடல்வாகு, வயது, மகப்பேறு, உடற் பருமன் ஆகியவை இந்நோய்க்குக் காரணங்கள். நெடுநேரம் நின்று செய்யும் தொழிலும் ஒரு காரணமே. டென்மார்க் நாட்டில் உழைப்பாளர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, நின்றபடி வேலை செய்வோர் இந்நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்வது மற்றவரினும் மிகுதி என்று காட்டியது. விசைத்தறிக் கூடத்தில் ஒரு ஷிப்டு முழுவதும் நின்றே பணி செய்யும் தொழிலாளியும், குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு அமரும் நெசவாளியும், வரப்பிலும் வயலிலும் பொழுதெல்லாம் நிற்கும் விவசாயியும் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

முதலில் மாலை வேளையில் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும், இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பின்னர்க் கணுக்காலின் உட்புறத்தில் அரிப்பெடுத்துத் தோல் கறுக்கும்; தடித்துக் கெட்டியாகும். இறுதியில் சிறு கீறலும் ஆறாப் புண்ணாக மாறும். சில சமயம் புடைத்த சிரை வெடித்து இரத்தம் பீறிடுவதும் உண்டு. அப்போது நோயாளியை நிற்க வைத்திருத்தல் பெருந்தவறு. உடனே படுக்க வைத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அவ்விடத்தை அழுத்திப் பிடித்து, டாக்டரிடம் கொண்டு செல்ல வேண்டும். இதனை அறியாமையால் உயிரிழந்தோரும் உண்டு.

பழைய முறை

காலில் இருவகைச் சிரைகள் உள்ளன. தசைகளுக்கு நடுவே ஆழத்தில் செல்பவை ஒருவகை. தோலுக்கு அடியில் செல்பவை மற்றொரு வகை. மேலேறும் இரத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை ஆழச் சிரைகளே சுமக்கின்றன. ஆதலின், தோலடிச் சிரை கெட்டுப்போனால் அதனை அடைத்துவிடுவதாலோ அகற்றிவிடுவதாலோ காலுக்கு நஷ்டமில்லை. வீணாக வடிந்த இரத்தம் நல்ல வழியில் திரும்பிச் செல்லும். உடைந்த கிளை வாய்க்காலை அடைத்து, நீரைத் தலை வாய்க்காலில் விடுவதற்கு ஒப்பான செயல் இது. உள் கணுக்காலின் முன்புறத்தில் தொடங்கித் தொடையின் உட்புறமாக ஏறி அரையில் ஆழச் சிரையுடன் சேரும் நீண்ட தோலடிச் சிரையே பெரும்பாலும் கெடுவது.

ஜெர்மானிய ரண சிகிச்சை நிபுணர் ட்ரெண்டலென்பர்க் என்பார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சிரையைத் தொடைப் பகுதியில் கட்டிவிடும் முறையைக் கையாண்டார். 1907இல் அமெரிக்க நிபுணர் பாப்காக், சிரைக்குள் ஒரு கம்பியைச் செலுத்தி, அதனுடன் சிரையையே உருவியெடுக்கும் முறையை வெளியிட்டார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் உலகெங்கும் இவ்வகையே நடைமுறையில் இருந்தது; இன்றும் தகுந்த நோயாளிகளுக்கு நற்பயன் தருகிறது. ஆனால் அரையில் வெட்டுக் காயமும், தொடை நெடுகிலும் இரத்தக் கன்றலும், சில வாரங்கள் வேலை இழப்பும் அதனோடு வருபவை. அன்றாடக் கூலிக்காரருக்கு இவ்வேலை இழப்பே பெருஞ்சுமை.

கண்ணாடி இழையின் கதை

சிரையை உருவாமல், உள்ளிருந்தே சுட்டு மூடிவிட இயலுமா? இக்கேள்விக்கு விடை அளித்தவை, மருத்துவர்கள் அல்லாத சிலர் வேறு நோக்கங்களுக்காகக் கண்டறிந்த இரு பொருள்கள்: ஒன்று கண்ணாடி இழை, மற்றொன்று லேஸர் ஒளி.

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பது பள்ளிப் பாடம். ஆயினும், ஜெனீவா நகரில் கொலாடன் என்பார் 1840களின் தொடக்கத்தில் ஒரு விந்தையைக் காட்டினார். தொட்டியின் துவாரத்திலிருந்து வளைந்து வீழும் நீர்த் தாரைக்குள் ஒளியைச் செலுத்தியபோது, ஒளியும் நீரோடு வளைந்து சென்றது. 1854இல் லண்டனில் டிண்டல் என்னும் விஞ்ஞானியும் அதனைச் செய்து காட்டினார். அடர்ந்த பொருளுக்குள் செல்லும் ஒளி, அதன் விளிம்பில் மிகச் சாய்வாகப் படுமாயின், வெளியேறாமல் உள்ளேயே முழுமையாகத் திருப்பப்படுகிறது என்பதே காரணம்.

நீருக்குப் பதிலாகக் கண்ணாடியை நூல் போல் இழுத்தால் என்ன? இத்துறையில் முன்னோடியாக நின்றவர் ஓர் இந்தியர் என்பது நாம் பெருமைப்படத்தக்கது. பஞ்சாப் மாநிலத்தின் மோகாவில் 1926இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தார். ஆயிரக்கணக்கான மெல்லிய கண்ணாடி இழைகளை ஒரு கட்டாகச் சேர்த்து, ஒரு முனையில் காட்டிய உருவம் மறுமுனையில் தோன்றுமாறு அவ்விருவரும் செய்து, 1954 ஜனவரியில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டனர். இதில் உள்ள நுட்பத்தை நெசவாளர் எளிதில் உணர்வர். பாவு இழைகள் அச்சில் புகும்போது எந்த வரிசையில் உள்ளனவோ அதே வரிசையில் மறுபுறமும் வர வேண்டும். ஓரிழை இடம் மாறினும் கோலம் கெடும். கண்ணாடி இழைக் கட்டிலும் அங்ஙனமே. இழைகள் இரு முனையிலும் ஒரே வரிசையில் நின்றாலன்றி உருவம் சிதறிவிடும்.

அதே இதழில் ஹாலந்து தேசத்து வான் ஹீல் என்பார் மற்றொரு கருத்தை வெளியிட்டார். வெறும் கண்ணாடி இழை ஒன்றையொன்று தொட்டால் ஒளி கசிந்துவிடும். ஆகவே ஒளியை உள்ளே திருப்பவல்ல வேறொரு பொருளால் இழைக்கு மேலுறை இட வேண்டும் என்பதே அது. இன்றைய ஒளியிழைகள் யாவும் இவ்விரு அடுக்கு அமைப்புக் கொண்டவையே. 1966இல் சார்லஸ் காவ், கண்ணாடியில் உள்ள மாசுகளை நீக்கினால் ஒளியைப் பல கிலோமீட்டர் தூரம் அனுப்பலாம் என்று கூறினார். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனியார் அத்தகைய தூய இழையைச் செய்தனர். காவ் அவர்களுக்கு 2009இல் நோபல் பரிசு கிட்டியது. கபானி அவர்கள் 2020 டிசம்பரில் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அவருக்கு வழங்கப்பெற்றது. இன்று தொலைபேசிச் செய்தியைச் சுமப்பதும், வயிற்றுக்குள் நோக்கும் கருவிக்கு வழிவகுத்ததும், சிரைக்குள் புகுவதும் இக்கண்ணாடி நூற்குலமே.

லேஸர் என்னும் ஒளி

விளக்கின் ஒளி எத்திசையிலும் சிதறிப் பரவுகிறது. பல நிறங்களும் அதில் கலந்துள்ளன. லேஸர் ஒளியோ ஒரே நிறமும் ஒரே திசையும் உடையது. ஒளியை ஒளியாலேயே தூண்டிப் பெருக்கலாம் என்னும் தத்துவத்தை ஐன்ஸ்டைன் 1917இல் கூறினார். 1960 மே 16ஆம் நாள், அமெரிக்காவில் மெய்மன் என்பார் செயற்கைச் செம்மணிக் கோலைக் கொண்டு முதல் லேஸரை ஒளிரச் செய்தார். 1962இல் மிகச் சிறிய அரைக்கடத்தித் துண்டிலிருந்தே லேஸர் பெறும் வழியும் கண்டறியப்பட்டது. அதனாலேயே இன்று சிகிச்சைக்குரிய லேஸர்ப் பெட்டி ஒரு சிறு மேஜை மீது வைக்கத்தக்க அளவில் இருக்கிறது. அரிசி மணியளவு இடத்தில் பிறக்கும் ஒளியைக் கண்ணாடி இழையின் வாயில் குவித்துவிட்டால், இழை வளைந்த வழியெல்லாம் அது செல்லும்.

இவ்விரண்டையும் இணைத்துச் சிரையை மூடும் முறையை ஸ்பெயின் நாட்டு டாக்டர் கார்லோஸ் போனே 1999இல் வெளியிட்டார். நியூயார்க்கின் டாக்டர்கள் நவாரோ, மின் ஆகியோர் அவருடன் சேர்ந்து 2001இல் தம் அனுபவங்களை எழுதினர். 2002இல் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிர்வாகம் இதனை அங்கீகரித்தது. அதன் பின்னர் இம்முறை உலகெங்கும் பரவியது.

சிகிச்சை நடைபெறும் விதம்

முதலாவது, டாப்ளர் ஸ்கேன் என்னும் ஒலியலைப் பரிசோதனை. நோயாளியை நிற்க வைத்து, கெண்டைக்காலை அழுத்தி விடும்போது இரத்தம் எத்துணை நேரம் பின்னோக்கி வடிகிறது என்று அளக்கின்றனர். தோலடிச் சிரையில் அரை விநாடிக்கு மேல் வடியுமாயின் கவாடம் பழுது என்று பொருள். ஆழச் சிரைகள் அடைபடாமல் திறந்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும். இப்பரிசோதனை இன்றி, கண்ணால் கண்ட அளவிலேயே சிகிச்சை நிச்சயிப்பது தகாது.

பின்னர், முழங்காலின் அருகில் ஊசி முனையளவு துளையிட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்தவாறே மெல்லிய குழாயையும், அதன் வழியே கண்ணாடி இழையையும் சிரைக்குள் செலுத்துகின்றனர். இழையின் நுனி அரையில் ஆழச் சிரையுடன் சேரும் இடத்திற்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் கீழே நிறுத்தப்படுகிறது. அதற்கு மேலே சென்றால் ஆழச் சிரைக்குக் கேடு வரும். மிகக் கீழே நின்றால் கெட்ட பகுதி எஞ்சும்.

அடுத்து, மரப்பு மருந்து கலந்த உப்பு நீரைச் சிரையைச் சுற்றி நெடுகிலும் ஊசி மூலம் ஏற்றுகின்றனர். இந்நீர் மூன்று வேலைகளைச் செய்கிறது: வலியை மரக்கச் செய்கிறது, சிரையை நெருக்கி இழையோடு ஒட்டச் செய்கிறது, வெப்பம் அருகிலுள்ள நரம்பையும் தோலையும் தாக்காதபடி அரணாக நிற்கிறது. அறையில் உள்ள யாவரும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்த பின்னர், லேஸரை இயக்கி, இழையை மெல்ல மெல்லக் கீழே இழுக்கின்றனர்.

கணக்கில் விருப்பமுள்ள அங்கத்தினருக்காக ஒரு கணக்கைக் கூறுவோம். 10 வாட் ஆற்றலில், ஒரு சென்டிமீட்டருக்கு 7 விநாடி வீதம் இழுத்தால், சென்டிமீட்டருக்கு 70 ஜூல் வெப்பம் கிடைக்கும். 35 சென்டிமீட்டர் நீளச் சிரைக்கு மொத்தம் 2,450 ஜூல். நேரம் நான்கு நிமிஷத்திற்குச் சற்று மேல். இவ்வெப்பம் முழுவதையும் 200 மில்லி நீர் கொண்ட டம்ளரில் செலுத்தினால் அந்நீர் 3 டிகிரி அளவுகூடச் சூடேறாது. இத்துணைச் சிறிய வெப்பம் நூலளவு இடத்தில் குவிவதாலேயே சிரையின் சுவர் வெந்து சுருங்கி மூடிக்கொள்கிறது. பின்னர் அது நார் போலாகி, மாதங்கள் செல்லச் செல்ல உடலோடு கரைந்துவிடுகிறது.

சிகிச்சை முடிந்ததும் அழுத்தக் காலுறையோ கட்டோ அணிவித்து நோயாளியை உடனே நடக்கச் சொல்கின்றனர். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். புடைத்து நிற்கும் கிளைச் சிரைகளைச் சிறு துளை வழியாக அகற்றுவதோ, மருந்து செலுத்தி மூடுவதோ தேவைப்படலாம்.

இழையின் நுனியில் உள்ள வேற்றுமை

நூலின் நம்பருக்கு ஏற்பத் துணியின் தரம் வேறுபடுவது போல, இழையின் நுனிக்கு ஏற்பச் சிகிச்சையின் தன்மையும் வேறுபடுகிறது. இச்சிகிச்சைக்கு உரிய இழையின் நடுக்கண்ணாடி வழக்கமாக 600 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஆறு பங்கு பருமன் உடையது. தொடக்க காலத்தில் இதன் நுனியை வெறுமனே வெட்டிப் பயன்படுத்தினர். ஒளி நேர் முன்னே பாயும். நுனியில் இரத்தம் கருகிப் படியும். நுனி சிரைச் சுவரைத் தொட்ட இடத்தில் துளை விழும். அதனால் வலியும் கன்றலும் மிகுந்தன.

இக்குறையை நீக்க இரு வழிகள் காணப்பட்டன. ஒன்று, நுனிக்கு உறையிட்டுச் சுவரைத் தொடாமற் செய்தல். மற்றொன்று, நுனியில் சிறு கண்ணாடிக் கூம்பும் மூடியும் அமைத்து ஒளியைச் சுற்றிலும் வட்டமாகப் பரவச் செய்தல். இவ்வட்ட இழை சிரைச் சுவர் முழுவதையும் ஒரு சீராகச் சூடேற்றுகிறது.

ஒளியின் அலைநீளமும் மாறியது. முன்னர்ப் பயன்பட்ட 810, 940, 980 நானோமீட்டர் ஒளிகள் பெரும்பாலும் இரத்தத்தின் சிவப்புப் பொருளால் கவரப்படுபவை. பிற்பாடு வந்த 1470 நானோமீட்டர் ஒளியை நீர் நன்கு கவர்கிறது. சிரைச் சுவரில் நீர் மிகுதி ஆதலால், குறைந்த ஆற்றலிலேயே சுவர் நேரே சூடேறுகிறது. வட்ட இழையும் இவ்வொளியும் சேர்ந்தபோது சிகிச்சைக்குப் பின் வலி குறைந்ததெனப் பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

இங்கே செலவைப் பற்றி ஒரு முக்கியச் செய்தி. லேஸர்ப் பெட்டி ஒருமுறை வாங்குவது. இழையோ ஒருவருக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தற்குரியதாகக் கிருமி நீக்கி உறையிட்டு விற்கப்படுவது. அத்தகைய இழையைச் செலவைக் குறைப்பதற்காக மற்றொருவருக்குப் பயன்படுத்துதல் கூடாது. இரத்தத்தின் வழிப் பரவும் தொற்று ஒருபுறம். பழுதுற்ற கண்ணாடி நுனி சிரைக்குள் ஒடியும் அபாயம் மற்றொருபுறம். "உறை பிரிக்காத புதிய இழைதானே?" என்று நோயாளி கேட்பதில் நாணமோ மரியாதைக் குறைவோ இல்லை.

பயனும் வரம்பும்

ஒரு சிகிச்சை புதியது என்பதனாலேயே சிறந்ததாகிவிடாது. பிரிட்டனில் 11 மையங்களில் 798 நோயாளிகளைக் கொண்டு, லேஸர், அறுவை, மருந்து நுரையைச் செலுத்துதல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். ஐந்தாண்டு முடிவுகள் 2019இல் வெளிவந்தன. காலின் நலம் பற்றிய மதிப்பில், நுரையினும் லேஸரும் அறுவையும் மேலாக இருந்தன. அந்நாட்டு மருத்துவ வழிகாட்டுக் குழு 2013இலேயே, தகுதியுள்ளோர்க்கு வெப்பத்தால் சிரையை மூடும் முறையை முதலிலும், அது பொருந்தாதோர்க்கு நுரையையும், அதுவும் பொருந்தாதோர்க்கு அறுவையையும் சிபாரிசு செய்தது. வெப்ப முறையில் லேஸரோடு ரேடியோ அலை முறையும் அடங்கும். இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றே.

ஆறாப் புண் உடையோர்க்கு மற்றொரு செய்தி மிக முக்கியமானது. 2018இல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்றில் 450 பேர் சேர்க்கப்பட்டனர். அழுத்தக் கட்டுடன் கெட்ட சிரையையும் உடனே மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாட்களுக்குள் புண் ஆறியது. கட்டை மட்டும் கட்டிச் சிரைச் சிகிச்சையைத் தள்ளிப் போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆற 82 நாட்கள் ஆயின. "புண் ஆறட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருத்தல் நஷ்டமே என்பது இதனால் தெளிவு.

தீமைகள் இல்லாமலில்லை. கன்றலும் இழுக்கும் வலியும் சில நாட்கள் இருக்கும். முழங்காலுக்குக் கீழே நரம்பு அருகில் செல்வதால் சிலருக்கு மதமதப்பு ஏற்படும். அரிதாக ஆழச் சிரையில் இரத்தம் உறைதலும், அது நெஞ்சுக்குச் செல்லும் ஆபத்தும் உண்டு. ஆகவே சிகிச்சைக்குப் பின் கால் திடீரென வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். ஆழச் சிரை அடைபட்டோர், கர்ப்பிணிகள், நடமாட இயலாதோர் ஆகியோருக்கு இச்சிகிச்சை வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. ஒரு சிரையை மூடினாலும் பின்னாளில் வேறு சிரை கெடக்கூடும். "வாழ்நாள் முழுதும் வராது" என்று யாரேனும் உறுதி கூறினால் அதனை நம்பற்க. தோலில் சிலந்தி வலை போலத் தோன்றும் மெல்லிய கோடுகளுக்காக மட்டும் கடன் வாங்கி லேஸர் இழை செலுத்திக்கொள்ளுதல் வேண்டாத செலவு.

சங்கங்களின் கடமை

நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், அங்கத்தினர் ஒருவர் இரு கால்களுக்கும் லேஸர்ச் சிகிச்சைக்கென அவசரக் கடன் கேட்டிருந்தார். தனியார் மருத்துவமனை ஒன்றின் மதிப்பீட்டுச் சீட்டு மனுவுடன் இருந்தது. ஸ்கேன் அறிக்கை இல்லை. "தறி வாங்கக் கேட்டால் கொடுக்கலாம், காலுக்குக் கொடுப்பது உற்பத்திக் கடன் ஆகுமா?" என்று நிர்வாகக் குழுவினர் ஒருவர் வினவினார். மூத்த டைரக்டர் ஒருவர், "மிதி மிதிக்கக் கால் இல்லாதவனுக்குத் தறி எதற்கு, ஐயா?" என்று விடையிறுத்தார். அவ்விடையில் அடங்கிய நியாயத்தை எந்தத் துணைவிதியும் மறுக்க இயலாது. எனினும் குழுவினர் அவசரப்படவில்லை. முதலில் அரசினர் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து வருமாறு அங்கத்தினரை அனுப்பினர். ஒரு காலில் மட்டுமே கவாடம் கெட்டிருந்ததென்றும், மறு காலுக்குக் காலுறையும் நடையும் போதுமென்றும் அங்குள்ள டாக்டர் எழுதித் தந்தார். கடன் தொகை பாதியாயிற்று. கால் வைத்தியத்திற்காகக் கடன் வழங்கியதும் நேர்மை. ஆராயாமல் வழங்காததும் நேர்மை.

இதிலிருந்து சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறுவோம். இத்தகைய மனு வந்தால், டாப்ளர் ஸ்கேன் அறிக்கை உள்ளதா என்று பார்க்க வேண்டும். மதிப்பீட்டில் புதிய இழையின் விலை, காலுறையின் விலை, பிற்பாட்டு ஸ்கேன் ஆகியவை அடங்கியுள்ளனவா என்று எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். அரசினர் மருத்துவமனைகளையும், அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டா என்பதையும் முதலில் விசாரிக்க வேண்டும். சென்னை இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இரத்தக் குழாய்ச் சிகிச்சைக்கெனவே தனிப் பிரிவு இருப்பதை அங்கத்தினர் பலர் அறியார். ஆண்டுக்கு ஒருமுறை சங்கக் கட்டடத்திலேயே கால் பரிசோதனை முகாம் நடத்துமாறு அருகிலுள்ள டாக்டரை வேண்டிக்கொண்டால், புண் வருமுன்னரே பலர் காக்கப்படுவர். பெண் அங்கத்தினர்கள் காலைக் காட்ட நாணி நோயை மறைப்பதுண்டு. அவர்களுக்கெனப் பெண் டாக்டரை அழைத்தல் வேண்டும்.

அங்கத்தினர்கள் செலவின்றித் தாமே செய்துகொள்ளக் கூடியவையும் உள. நெடுநேரம் அசையாது நிற்றலைத் தவிர்த்து, இடையிடையே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துக. பாவு முடிந்து நூல் மாற்றும் வேளையில் எழுந்து நாலடி நடந்து வருக. இரவில் இருதயத்தின் மட்டத்திற்கு மேலே கால் உயருமாறு தலையணை வைத்து உறங்குக. டாக்டர் கூறினால் காலையில் எழுந்தவுடன், வீக்கம் ஏறுமுன், அழுத்தக் காலுறையை அணிக. கணுக்காலில் தோல் கறுத்தால் அதனை எச்சரிக்கைச் சீட்டாகக் கொண்டு அன்றே மருத்துவரை நாடுக. புண்ணின் மீது கண்ட பொடிகளைத் தூவி நாளைக் கடத்தற்க.

நூல் ஒன்று தனித்து நின்றால் அறும். பாவாகச் சேர்ந்தால் துணியாகும் என்பது நம் இயக்கத்தின் அடிப்படை. ஓர் அங்கத்தினரின் கால் நோயும் அவருடைய தனிக் கவலையன்று. அவர் தறி நின்றால் சங்கத்தின் உற்பத்தி குறையும். அவர் கடன் நிலுவையாகும். அவர் பிள்ளை பள்ளியை விட்டுக் கூலிக்குச் செல்லும். ஆகவே, வருகின்ற மகாசபைக் கூட்டத்தில் வரவு செலவோடு அங்கத்தினரின் உடல் நலத்தையும் ஒரு பொருளாக வைத்து ஆலோசிக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.